ஆளில்லாத வீட்டுக்கு அனுப்பும் ஆணை

நைனிதால் ஜில்லாவைச் சேர்ந்த முக்தேசுவர், கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 2,300 மீட்டர் உயரத்தில் அமைந்த ஒரு சிற்றூர். கால்நடை நோய்களை ஆராய்வதற்காக 1889-ஆம் ஆண்டில் புனாவில் நிறுவப்பட்ட ஆராய்ச்சிச் சாலை 1893-ல் இங்கு மாற்றப்பட்டது. நோய்க் கிருமிகளைக் கையாளும் இடம் ஜன நெருக்கத்திலிருந்து விலகியும், குளிர்ந்தும் இருத்தல் நலம் என்று அன்று கருதினார்கள். அந்தத் தனிமையும் குளிருமே இன்று வேறொரு கூட்டத்தாரை அங்கே அழைத்துச் செல்கின்றன. டில்லியிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் உத்தியோகம் பார்ப்பவர்கள் அம்மலைச் சரிவுகளில் சிறு வீடுகளைக் கட்டிக்கொண்டு, கோடையில் சில வாரங்களும் இடையிடையே சில நாட்களும் தங்கித் திரும்புகின்றனர். மற்றைய நாட்களில் வீடு பூட்டிக் கிடக்கிறது.

என் மைத்துனர் அத்தகைய வீடொன்றுக்குச் சொந்தக்காரர். சில ஆண்டுகளுக்கு முன்பு, ஒரு ஜனவரி மாதத்து நண்பகலில், அவ்வீட்டைப் பார்த்துக்கொள்ளும் காவற்காரர் டில்லிக்குத் தொலைபேசியில் பேசினார். "தண்ணீர் நன்றாக வருகிறது, சாஹப், ஆனால் குழாயிலிருந்து வரவில்லை, சுவரிலிருந்து வருகிறது" என்றார். நடந்தது இதுதான். நீர் பனிக்கட்டியாக உறையும்போது அதன் கனபரிமாணம் ஏறத்தாழ 9 சதவீதம் பெருகுகிறது. குழாயின் நடுவில் ஓரிடத்தில் கட்டி உண்டாகி அடைத்துக்கொண்டால், அதற்கும் மூடியிருக்கும் குழாய் முனைக்கும் இடையே அகப்பட்ட நீருக்கு ஒதுங்க வழியில்லை. அழுத்தம் ஏறிக் குழாய் பிளக்கிறது. ஆனால் பிளவு அப்போதே வெளிப்படுவதில்லை. பனிக்கட்டியே அதற்கு அடைப்பாக நிற்கிறது. மறுநாள் வெயில் ஏறிக் கட்டி உருகியபின்னரே மாடியிலிருந்த 1,000 லிட்டர் தொட்டி முழுவதும் சுவருக்குள் இறங்கியது. காவற்காரரின் கிராமம் வீட்டிலிருந்து அரை மணி நேர நடை. அவர் வந்து பார்ப்பதற்குள் மரத்தளம் மிதந்துகொண்டிருந்தது.

தூரத்திலிருந்தே வீட்டை ஆளவேண்டும் என்ற ஆசை இவ்விதமான ஒரு நஷ்டத்துக்குப் பின்னரே பெரும்பாலும் பிறக்கிறது. கைப்பேசியின் திரையைத் தொட்டால் 350 கிலோமீட்டருக்கு அப்பால் விளக்கு எரியும், வெந்நீர் காயும், கதவு திறக்கும் என்று விற்பனையாளர்கள் சொல்கிறார்கள். அவர்கள் சொல்வது பொய்யன்று. எனினும் நகரத்து வீட்டில் சௌகரியமாக இருக்கும் ஒரு சாதனம், ஆளில்லாத மலை வீட்டில் வேறொரு குணத்தைக் காட்டுகிறது. மைத்துனர் வீட்டில் இந்த ஏற்பாட்டைச் செய்தபோது நானும் உடனிருந்தேன். அதில் கண்டவற்றை, கிராமங்களில் பணியாற்றும் ஊழியர்களுக்கும் பள்ளி ஆசிரியர்களுக்கும் பயன்படக்கூடும் என்று கருதி இங்கு எழுதுகிறேன். வயலிலுள்ள பம்புசெட்டைக் கைப்பேசியால் ஓட்டும் ஸ்டார்ட்டரும், ஊராட்சித் தண்ணீர்த் தொட்டியின் மட்டத்தைத் தூரத்திலிருந்து காட்டும் கருவியும் இதே தத்துவத்தில் இயங்குபவை.

தத்துவம் புதிதன்று. கல்கத்தாவின் டவுன் ஹாலில் 1890-களின் நடுவில் ஜகதீச சந்திர போஸ், சுவர்களை ஊடுருவிச் சென்ற மின்காந்த அலைகளைக்கொண்டு தொலைவிலிருந்த மணி ஒன்றை ஒலிக்கச் செய்தார், வெடிமருந்தையும் பற்றவைத்தார். 1898-ல் நிகோலா டெஸ்லா நியூயார்க்கில் ஒரு சிறு படகைக் கம்பியில்லாமல் செலுத்திக் காட்டினார். இவ்விரண்டிலும் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. மணி ஒலித்ததை எல்லாரும் கேட்டார்கள். படகு திரும்பியதை எல்லாரும் பார்த்தார்கள். ஆணை நிறைவேறியதா என்ற கேள்விக்கே அங்கு இடமில்லை. டில்லியில் உட்கார்ந்து முக்தேசுவரிலுள்ள வெந்நீர்க் கருவியை இயக்குபவருக்கு அந்த வசதி கிடையாது. அவருடைய கைப்பேசியில் "இயங்குகிறது" என்ற சொல் தோன்றும். அச்சொல்லின் பொருள் என்ன என்பதில்தான் இந்த விஷயத்தின் கஷ்டமெல்லாம் அடங்கியிருக்கிறது.

ஆணை செல்லும் வழி

கைப்பேசியிலிருந்து புறப்படும் ஆணை நேராக வீட்டுக்குப் போவதில்லை. முதலில் அது கருவியைத் தயாரித்த நிறுவனத்தின் கணினி நிலையத்துக்குச் செல்கிறது. அந்நிலையம் வேறொரு தேசத்திலும் இருக்கலாம். அங்கிருந்து இணையத்தின் வழியாக மலைமேலுள்ள கைப்பேசிக் கோபுரத்தை அடைந்து, வீட்டிலுள்ள ரௌட்டருக்கு வந்து, பிறகு வை-பை அலையாக ரிலேயைச் சேர்கிறது. ரிலே என்பது சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தைத் திறந்து மூடும் சாவி. இத்தனை கைகள் மாறியும் ஒரு விநாடிக்குள் வேலை முடிந்துவிடுவது ஆச்சரியமே. ஆனால் கைகளில் ஏதேனும் ஒன்று தளர்ந்தாலும் ஆணை நின்றுவிடும்.

வெளியிலிருந்து நேராக வீட்டுக்குள் நுழையலாகாதா என்று கேட்கலாம். சிம் கார்டு பொருத்திய ரௌட்டருக்கு உலகறிந்த தனி விலாசம் பெரும்பாலும் கிடைப்பதில்லை. விலாசங்கள் போதாமையால் கம்பெனிகள் ஆயிரக்கணக்கான சந்தாதாரர்களை ஒரே பொது விலாசத்தின் பின்னால் வைக்கின்றன. பெரிய குடியிருப்பு ஒன்றில் எல்லா வீட்டாரும் ஒரே வாயிலைப் பயன்படுத்துவதைப் போன்றது இது. உள்ளேயிருந்து வெளியே சென்றவர் திரும்பி வரும்போது காவலாளி அவரை அடையாளம் கண்டு உள்ளே விடுவார். முன்பின் தெரியாதவர் வந்து எந்த வீட்டையும் தட்ட முடியாது. ஆகையால் வீட்டிலுள்ள கருவியே முதலில் வெளியே சென்று தொடர்பைத் திறந்து, அதை மூடாமல் வைத்திருக்க வேண்டும். நாங்கள் வயர்கார்ட் என்னும் மறைகுறி இணைப்பைப் பயன்படுத்தினோம். லினக்ஸ் இயக்க முறையின் உட்கருவில் 2020-ல் சேர்க்கப்பட்ட இது, 25 விநாடிக்கு ஒருமுறை ஒரு சிறு துணுக்கை அனுப்பி வாயிலைத் திறந்தே வைத்திருக்கும்படி அமைக்கக்கூடியது. இதனால் அயல்நாட்டு நிலையத்தின் தயவும் தேவைப்படவில்லை.

வீட்டுக்குள்ளேயே ஒரு மையக் கருவி இருத்தல் அவசியம் என்பது என் திடமான கருத்து. உள்ளங்கையளவே உள்ள ராஸ்பெர்ரி பை போன்ற சிறு கணினி போதும். இணையம் அறுந்தாலும் வீட்டின் நியமங்கள் அங்கேயே நடைபெற வேண்டும். குளியலறையில் உஷ்ணநிலை 2 டிகிரிக்குக் கீழே இறங்கினால் நீர் வால்வை மூடு என்ற கட்டளைக்கு டில்லியின் அனுமதி எதற்கு? பனி கொட்டும் இரவுகளில்தான் இணையமும் அறுகிறது. கருவி வேண்டும் நேரமும் தொடர்பு இல்லாத நேரமும் ஒன்றாகவே அமைவது மலை வாழ்க்கையின் இயல்பு.

வீட்டின் சுவர்கள் கல்லால் ஆனவை. 45 சென்டிமீட்டர் கனமுள்ளவை. 2.4 கிகாஹெர்ட்ஸ் வை-பை அலை இரண்டு சுவர்களுக்கு அப்பால் செல்லவில்லை. தோட்டத்து வாயிலுக்கும் கீழ்த் தொட்டிக்கும் 865 மெகாஹெர்ட்ஸ் அளவிலான லோரா அலையைப் பயன்படுத்தினோம். இந்தியாவில் இவ்விரண்டு அலைவரிசைகளுக்கும் குறிப்பிட்ட சக்திக்குள் லைசென்ஸ் தேவையில்லை.

மௌனமும் ஒரு செய்தி

கருவிகள் தமக்குள் பேசிக்கொள்வதற்கு எம்.க்யூ.டி.டி. என்னும் முறையைக் கையாண்டோம். இது 1999-ல் பாலைவனத்து எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் மூலம் கண்காணிப்பதற்காக ஆண்டி ஸ்டான்போர்டு கிளார்க், ஆர்லென் நிப்பர் ஆகிய இருவர் வகுத்தது. குறைந்த தரவில், தளர்ந்த தொடர்பில் வேலை செய்வதே அதன் நோக்கம் என்பதால் மலை வீட்டுக்கும் அது பொருந்துகிறது. இதில் ஒவ்வொரு கருவியும் நடுவிலுள்ள அஞ்சல் நிலையம் போன்ற ஒரு நிரலியிடம் தன் செய்தியைக் கொடுக்கும். தேவைப்படுவோர் அங்கிருந்து பெற்றுக்கொள்வர்.

இம்முறையில் ஓர் அழகான ஏற்பாடு உண்டு. கருவி முதன்முதலில் தொடர்பு கொள்ளும்போதே தன் உயிலை எழுதி வைத்துவிடுகிறது. "நான் சொல்லாமல் மறைந்துவிட்டால் இந்தச் செய்தியை எல்லாருக்கும் அறிவித்துவிடு" என்பது அந்த உயில். தொடர்பு அறுந்ததை அஞ்சல் நிலையம் கண்டதும் அதை வெளியிடுகிறது. சமையலறை உணர்கருவியின் பாட்டரி தீர்ந்துபோனதை முதல் மாதத்தில் நாங்கள் அறிந்தது இவ்வாறே.

ஆனால் அஞ்சல் நிலையமே வீட்டுக்குள் இருந்தால், வீடு முழுவதும் மின்சாரம் இழந்தபோது உயிலை வாசிக்க ஆளில்லை. முதல் குளிர்காலத்தில் இந்தத் தவற்றைச் செய்தோம். இரண்டு நாட்கள் எந்த எச்சரிக்கையும் வராததால் எல்லாம் நலமென்று மைத்துனர் எண்ணியிருந்தார். வராத எச்சரிக்கையை நல்ல செய்தியாகக் கொண்டது பிழை. இப்போது டில்லியிலுள்ள ஒரு கணினி, மலை வீட்டிலிருந்து 10 நிமிடத்துக்கு ஒருமுறை வரவேண்டிய "இருக்கிறேன்" என்ற துடிப்பை எதிர்பார்த்திருக்கிறது. மூன்று துடிப்புகள் தொடர்ந்து தவறினால் அது மணி அடிக்கும். எச்சரிக்கை எழுப்பும் பொறுப்பை எப்போதும் ஆபத்துக்கு வெளியிலுள்ள முனையிடம் கொடுக்க வேண்டும். பம்புசெட், அணைமட்டக் கருவி எதுவாயினும் இவ்விதி மாறாது.

இன்னொரு தவற்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ரௌட்டர் சிலசமயம் மயங்கி நின்றுவிடும்; மின்சாரத்தை நிறுத்தி மறுபடி கொடுத்தால் தெளியும். ஆகவே ரௌட்டருக்கு மின்சாரம் தரும் சாக்கெட்டையும் தூரக் கட்டுப்பாட்டில் சேர்த்திருந்தோம். ஒரு நாள் மாலை நானே டில்லியிலிருந்து "நிறுத்து" என்று ஆணையிட்டேன். உடனே நின்றது. "இயக்கு" என்ற அடுத்த ஆணை எந்த வழியாகப் போகும் என்பது அதன் பின்னரே என் நினைவுக்கு வந்தது. நுனிக்கிளையில் உட்கார்ந்து அடிக்கிளையை வெட்டிய கதைதான். காவற்காரர் மறுநாள் காலை மலையேறி வந்து சாவியைத் தட்டினார். இப்போது அவ்வேலையை மையக் கருவியே செய்கிறது: 15 நிமிடம் இணையம் கிட்டாவிட்டால் ரௌட்டரை ஒரு நிமிடம் நிறுத்தி, தானாகவே மீண்டும் இயக்கும். வெளியிலிருந்து அந்தச் சாக்கெட்டை யாரும் தொட முடியாது. மையக் கருவி இல்லாதவர்கள் கடைகளில் கிடைக்கும் சாதாரண டைமர் ஒன்றைப் பொருத்தி, நாள்தோறும் பின்னிரவில் சில நிமிடங்கள் ரௌட்டரை ஓய்வெடுக்கச் செய்தாலும் பெரும்பகுதி பலன் கிடைக்கும். சிம் கார்டின் ரீசார்ஜ் தேதியை நாட்காட்டியில் குறித்து வைப்பதும் இந்த வகையைச் சேர்ந்த வேலைதான். மின்னணுச் சாமர்த்தியம் எதுவும் அதற்கு ஈடாகாது.

நீரும் வெந்நீரும்

குழாய் வெடிப்பைத் தடுக்க மின்னணுக் கருவி அவசியமில்லை. வீட்டைவிட்டுப் புறப்படும்போது தொட்டியின் வாய்க் குழாயை மூடி, தாழ்ந்த இடத்திலுள்ள வடிகுழாயைத் திறந்து, காற்று உள்ளே புக மேல்மாடிக் குழாயொன்றையும் திறந்துவிட்டால் குழாய்கள் வெறுமையாகிவிடும், வெறுங்குழாய் உறைவதில்லை. இதைச் செய்தபின்னரே மற்றதைப் பற்றி யோசிக்க வேண்டும். தூரக் கட்டுப்பாடு வேண்டுவது, மறந்துபோன நாளுக்காகவும், விருந்தினர் வந்து திறந்துவிட்டுப் போன நாளுக்காகவுமே.

தொட்டியின் வாயில் மின் வால்வு பொருத்தும்போது இரண்டு வகைகள் கிடைக்கும். சோலெனாய்டு வால்வு விலை மலிவு. மின்சாரம் இருக்கும்வரை திறந்திருக்கும், நின்றால் மூடிக்கொள்ளும். கேட்பதற்கு நன்றாகவே இருக்கிறது. ஆனால் அவ்வகையில் பலவும் திறப்பதற்கு ஓரளவு நீரழுத்தத்தை எதிர்பார்க்கின்றன. தொட்டி 3 மீட்டர் உயரத்தில் இருந்தால் கிடைக்கும் அழுத்தம் ஏறத்தாழ 0.3 பார் மட்டுமே. அதோடு சுனை நீரிலுள்ள மண்ணும் இலைத்துணுக்கும் அதன் நுண்துளையை அடைத்துவிடுகின்றன. மோட்டாரால் திரும்பும் பந்து வால்வு மெதுவாகத் திரும்பும், விலையும் அதிகம். எனினும் முழு வழியையும் திறக்கும், மின்சாரம் போனால் நின்ற நிலையிலேயே நிற்கும், கையாலும் திருப்பக்கூடிய பிடியுடன் கிடைக்கும். நாங்கள் அதையே வைத்தோம். திறந்தது, மூடியது என்ற இரு முனைகளிலும் சிறு சாவிகள் உள்ள வகையாகப் பார்த்து வாங்கினோம். மோட்டாருக்கு மின்சாரம் கொடுக்கப்பட்டது என்பது ஒன்று, வால்வு உண்மையாகவே மூடியது என்பது மற்றொன்று. பின்னதைத் தெரிவிப்பவை அச்சாவிகளே.

வெந்நீர்க் கருவிக்கு வருவோம். மலைக்கு வருபவர் எல்லாரும் முதலில் கேட்பது இதைத்தான்: வழியிலிருந்தே கீசரைப் போட முடியுமா? கணக்கைப் பார்ப்போம். 15 லிட்டர் நீரை 5 டிகிரியிலிருந்து 55 டிகிரி சென்டிகிரேடுக்கு உயர்த்த ஏறத்தாழ 3,140 கிலோஜூல் வெப்பம் தேவை, அதாவது 0.87 யூனிட் மின்சாரம். 2 கிலோவாட் சூடேற்றி இதை 26 நிமிடத்தில் செய்து முடித்துவிடும். டில்லியில் வண்டி ஏறும்போதே போடவேண்டிய தேவை சிறிதும் இல்லை. பீம்தாலைத் தாண்டியபின் போட்டாலே போதும், மேலும் நேரம் மீதமிருக்கும்.

2 கிலோவாட் என்பது 230 வோல்ட்டில் 8.7 ஆம்பியர், 3 கிலோவாட்டானால் 13 ஆம்பியர். 10 ஆம்பியர் என்று அச்சிட்ட மலிவான ஸ்மார்ட் பிளக்குகளை இந்த வேலையில் நம்பலாகாது. அதன் ரிலே முனைகள் பொறியால் ஒன்றோடொன்று பற்றிக்கொண்டால் பிறகு எத்தனை முறை "நிறுத்து" என்றாலும் மின்சாரம் நிற்காது. திரையிலோ நின்றுவிட்டதாகவே காட்டும். 16 ஆம்பியர் தரமுள்ளதையோ, இன்னும் நல்லதாகத் தனிக் கான்டாக்டரையோ பயன்படுத்தி, மின்னோட்டத்தை அளக்கும் வளையம் ஒன்றையும் கம்பியில் மாட்ட வேண்டும். ஆம்பியர் பூஜ்யமாயிற்று என்று வளையம் சொன்னால்தான் நின்றது நின்றதாகும்.

இதைவிட முக்கியமான அபாயம் ஒன்று இருக்கிறது. கீசரின் நுழைவாயிலில் ஒருவழி வால்வு இருப்பதால், குழாய்களை வடித்தாலும் கீசருக்குள்ளிருக்கும் நீர் வடிவதில்லை. குளிர்காலத்துக்கு முன்பு அதன் அடி மூடியைக் கழற்றிக் கையால் வடிக்க வேண்டும். அப்படி வடித்த கீசரைத் தூரத்திலிருந்து மீண்டும் நிரப்ப இயலாது; ஏனெனில் உள்ளிருக்கும் காற்று வெளியேற வெந்நீர்க் குழாயை யாராவது திறக்க வேண்டும். நீரற்ற கீசருக்கு மின்சாரம் கொடுத்தால் சூடேற்றி கருகும். உட்புறப் பாதுகாப்புச் சாவியும் பழுதாயிருந்தால் அதற்கு மேலும் நேரலாம். "கீசர் இயங்குகிறது" என்று திரை சொல்லும்போது அது உண்மையே சொல்லியிருக்கும். உள்ளே நீர் இருக்கிறதா என்பது அதற்குத் தெரியாது.

காவற்காரரின் பொத்தான்

இதற்கு உணர்கருவிகளாலேயே வழி தேடினோம். நீரோட்டமானி, உஷ்ணமானி என்று அடுக்கிக்கொண்டே போனோம். ஒவ்வொன்றும் ஒரு புதிய சந்தேகத்தைக் கொண்டுவந்தது. காவற்காரர் எங்கள் ஆலோசனையைக் கேட்டுக்கொண்டே நின்றவர், கடைசியில், "குழாயைத் திறந்து பார்த்தால் தெரிந்துவிடுமே, சாஹப், நான் எதற்கு இருக்கிறேன்?" என்றார். அவருடைய குரலில் சிறிது வருத்தமும் இருந்தது. வாயிலில் நிழற்படக் கருவி பொருத்திய நாளிலிருந்தே அவருக்கு அந்த வருத்தம் இருந்திருக்கிறது, நாங்கள்தான் கவனிக்கவில்லை.

குளியலறைச் சுவரில் ஒரு பொத்தான் வைத்தோம். வெந்நீர்க் குழாயைத் திறந்து நீர் தடையின்றி வருவதைக் கண்ணால் பார்த்தபின் காவற்காரர் அதை அழுத்துவார். அதன் பிறகு 24 மணி நேரத்துக்கு மட்டுமே கீசரை இயக்கும் ஆணையை மையக் கருவி ஏற்றுக்கொள்ளும். இடையில் நீர் வால்வு மூடப்பட்டாலோ, குளியலறை உஷ்ணநிலை உறைநிலையை நெருங்கினாலோ அந்த அனுமதி ரத்தாகும். டில்லியில் யார் எத்தனை முறை திரையைத் தொட்டாலும், ஸ்தலத்தில் இருப்பவரின் சம்மதமில்லாமல் சூடேற்றிக்கு மின்சாரம் போகாது. எங்கள் ஏற்பாடு முழுவதிலும் நான் மிகவும் திருப்தியடைவது இந்தப் பொத்தானைக் கண்டுதான்.

அறையைச் சூடேற்றும் ரேடியண்ட் ஹீட்டரைத் தூரக் கட்டுப்பாட்டில் சேர்க்கவே இல்லை. திரைச்சீலை நழுவி அதன்மேல் விழுந்திருக்கலாம், பூனை தள்ளியிருக்கலாம். நிறுத்தும் ஆணையை எந்தக் கருவிக்கும் தாராளமாக அனுப்பலாம். இயக்கும் ஆணையை, பார்ப்பார் யாருமில்லாவிட்டாலும் தீங்கு செய்யாத கருவிகளுக்கு மட்டுமே அனுப்பலாம். அதுபோலவே, நில மின்கசிவால் விழுந்த 30 மில்லிஆம்பியர் பாதுகாப்புச் சாவியைத் தூரத்திலிருந்து எழுப்பும் சாதனம் எதையும் பொருத்தவில்லை. அது விழுந்ததற்குக் காரணம் இருக்கும். அதை நேரில் கண்டறிந்தபின்னரே எழுப்ப வேண்டும். ரௌட்டரும் மையக் கருவியும் மட்டும் வேறொரு பிரிவுச் சாவியில் இருப்பதால், மற்றவை இருண்டபோதும் செய்தி வருகிறது.

விளக்குகளின் விஷயத்தில் ஒரு சிறு குறிப்பு. ஸ்மார்ட் பல்பு மாட்டினால், யாராவது சுவர்ச் சாவியை அணைத்த மறுகணமே அது ஊமையாகிவிடுகிறது. சுவர்ச் சாவிக்குப் பின்னால் ரிலே வைப்பதே நல்லது. கையாலும் எரியும், ஆணையாலும் எரியும். கதவுப் பூட்டிலும் சாதாரணச் சாவித் துவாரம் இருந்தே தீரவேண்டும்.

மின்சாரம் நின்றபின்

பனிப்பொழிவில் மின்கம்பி அறுந்தால் மீள நாட்கணக்காகலாம். ரௌட்டரும் மையக் கருவியும் சேர்ந்து 12 வாட் எடுக்கின்றன என்று கொள்வோம். 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பாட்டரியில் 1,800 வாட்-மணி சக்தி உண்டு. பாட்டரியின் ஆயுளைக் கருதிப் பாதியை, அதாவது 900 வாட்-மணியை மட்டும் செலவிடலாம். 12 வாட்டுக்கு அது 75 மணி நேரம் வரவேண்டும். எங்களுக்கு 30 மணி நேரமே வந்தது. மீதி எங்கே போயிற்று? வீட்டு இன்வெர்ட்டர், சுமை ஏதுமில்லாதபோதும் தன் பிழைப்புக்கென்று 18 வாட் எடுத்துக்கொண்டிருந்தது. 12 வோல்ட் நேர்மின்சாரத்தை 230 வோல்ட் மாறுமின்சாரமாக்கி, அதை ரௌட்டரின் அடாப்டர் மறுபடி 12 வோல்ட்டாக்குவது தலையைச் சுற்றி மூக்கைத் தொடும் வேலை. தரமான மின்னழுத்தச் சீராக்கி ஒன்றை இடையில் வைத்துப் பாட்டரியிலிருந்தே நேரடியாகக் கொடுத்தபின் மூன்று நாட்கள் தாங்குகிறது. பள்ளிகளில் இந்தக் கணக்கை மாணவர்களுக்குக் கொடுக்கலாம். விடையைவிட, விடைக்கும் அனுபவத்துக்கும் உள்ள வித்தியாசம் அவர்களை யோசிக்க வைக்கும்.

ஈய-அமிலப் பாட்டரி முற்றிலும் வடிந்துவிட்டால் அதன் அமிலம் நீர்த்துப் போவதால், உறைநிலைக்குச் சில டிகிரி கீழேயே அது உறைந்து கூட்டைப் பிளக்கும். லித்தியம் பாட்டரிக்கு வேறு தொல்லை: 0 டிகிரிக்குக் கீழே அதைச் சார்ஜ் செய்தால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து செல் கெடும். எதுவாயினும் பாட்டரியை வெளித் தாழ்வாரத்தில் வைக்காமல், காற்றோட்டமுள்ள உள்ளறையில் வைக்க வேண்டும்.

இனி, திறந்த வாயிலைப் பற்றி. 2016-ல் மிராய் என்னும் தீநிரல், இணையத்தில் இணைந்திருந்த நிழற்படக் கருவிகளிலும் பதிவுப் பெட்டிகளிலும் இலட்சக்கணக்கானவற்றை வசப்படுத்தி, பெரிய இணைய நிலையங்களையே முடக்கியது. அதன் ஆயுதம் மிக எளியது: தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொற்கள் சுமார் 60 அடங்கிய ஒரு பட்டியல். வாங்கியவர்கள் அவற்றை மாற்றவில்லை. ஆளில்லாத வீட்டில் கருவி தவறாக நடந்துகொள்வதைக் கவனிப்பாரும் இல்லையாதலால் அபாயம் இரட்டிப்பு. கடவுச்சொல்லை முதல் நாளே மாற்றுதல், கருவிகளுக்கென்று தனி வை-பை வைத்தல், வெளியிலிருந்து நுழையும் துளை எதையும் ரௌட்டரில் திறக்காதிருத்தல் ஆகிய மூன்றையும் செய்தோம்.

நிழற்படக் கருவியைப் பற்றி மைத்துனருக்கும் எனக்கும் ஒரு வாக்குவாதம் நடந்தது. அது வாயிலை மட்டுமின்றி, காவற்காரர் மனைவி புல் உலர்த்தும் முற்றத்தையும் காட்டிக்கொண்டிருந்தது. அவர்கள் பார்க்கப்படுவதற்கு எப்போது இசைந்தார்கள்? கருவியின் முகத்தைத் திருப்பினோம். உரிமையாளர் வீட்டில் தங்கும்போது அது அணைந்திருக்கும்படியும் செய்தோம்.

பள்ளியில் இத்தத்துவத்தை விளக்க விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. ஒரு பாட்டரி, ஒரு ரிலே, ஒரு சிறு பல்பு, நீண்ட கம்பி இவை போதும். பல்பை அடுத்த அறையில் வைத்து, சாவியை வகுப்பறையில் வைக்கவும். சாவியை அழுத்திய மாணவனிடம் விளக்கு எரிகிறதா என்று கேட்டால் "எரிகிறது" என்பான். முன்கூட்டியே பல்பைக் கழற்றி வைத்திருக்க வேண்டும். பிறகு, பல்பின் வழியே ஓடும் மின்னோட்டம் திரும்பி வரும் பாதையில் வகுப்பறையிலேயே ஒரு மின்னோட்டமானியைச் சேர்த்துச் சோதனையை மீண்டும் செய்து காட்டவும். முள் அசைந்தால் விளக்கு எரிகிறது. முள் அசையாவிட்டால், சாவி என்ன சொன்னாலும் இல்லை.

மைத்துனர் வீட்டு மெயின் பெட்டியின் கதவின் உட்புறம் இப்போது ஒரு தாள் ஒட்டப்பட்டிருக்கிறது. எந்தச் சாவி எதற்கு, எந்த வால்வு எங்கே, எல்லாக் கருவியும் செத்துப்போனால் கையால் எதை முதலில் திருப்புவது என்று ஹிந்தியில் பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறது. எழுதியவர் காவற்காரரின் மகள். ஒன்பதாம் வகுப்பு மாணவி. நவம்பரில் கீசரை வடிக்கும் நாளையும் அவளே அதில் குறித்து வைக்கிறாள்.